செம்பன் முகமூடியில் இருந்த விரிசல்

1

அக்டோபரின் இரண்டாவது புதன்கிழமையோடு நான் ஜெர்மனிக்கு வந்து பன்னிரண்டு ஆண்டுகள் முடிந்தன. காலையில் வேலைக்குப் போகும் ரயிலில் அந்தக் கணக்கை ஒருமுறை சரிபார்த்துக்கொண்டேன். மாலையில் திரும்பும்போது ஸ்டுட்கார்ட்டில் இறங்கி, வழக்கமான காமிக்ஸ் கடைக்குப் போய், செம்பனின் புதிய முதல் இதழை வாங்கினேன்.

நான் இதை எழுதும் 'பத்து நிமிடம்' சிற்றிதழை முதன்முறையாகக் கையில் எடுப்பவர்களுக்காக இதைச் சொல்லவேண்டும். செம்பன் ஓர் அமெரிக்கக் காமிக்ஸ் நாயகன். செம்பாலான முகமூடி அணிந்தவன். ஆங்கிலத்தில் அவனுக்கு நீளமான பெயர் உண்டு. ஓசூரில் அது எங்கள் வாயில் நுழையாததால் செம்பன் ஆனான். இந்த ஆண்டு அவனுடைய பதிப்பகம் தன் எல்லா நாயகர்களையும் மறுபடியும் ஒன்றாம் எண்ணிலிருந்து தொடங்கியிருக்கிறது. பழைய கதைகளெல்லாம் நடந்தவையா, நடக்காதவையா என்று சொல்லவில்லை. இம்மாதிரித் தொடக்கங்களில் சொல்லாமல் விடுவதே வழக்கம்.

மதிப்புரையை மாதக் கடைசிக்குள் தருவதாக, இதழை நடத்தும் முனிராஜிடம் சொல்லியிருந்தேன். இப்போது டிசம்பர் வந்துவிட்டது. தாமதத்துக்குக் காரணம் புதிய இதழ் அல்ல. அன்று அதே கடையில் வாங்கிய இன்னொரு பழைய இதழ். முனிராஜும் நானும் பல ஆண்டுகளாக உட்கார்ந்து உருவாக்கிய செம்பன் கதைகளின் வரிசைப் பட்டியல் தவறு என்று அது எனக்குக் காட்டியது. அந்தப் பட்டியலை முனிராஜ் பொங்கலுக்குப் புத்தகமாகக் கொண்டுவரப் போகிறான். முன்னுரை நான் எழுதவேண்டும்.

2

நாங்கள் இருவரும் ஓசூர்த் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில், வெளியிலிருந்து வரும் உதிரிபாகங்களை அளந்து பார்த்து உள்ளே விடும் பிரிவில் இருந்தோம். முனிராஜ் ஏ ஷிஃப்ட், காலை ஆறு முதல் இரண்டு. நான் பி ஷிஃப்ட், இரண்டு முதல் பத்து. அவன் போவதற்கும் நான் வருவதற்கும் இடையில் கணக்குப்படி பத்து நிமிடம் எங்களுக்குக் கிடைக்கும். இதழின் பெயர் அங்கிருந்து வந்தது.

நான் சாமல்பட்டிக்காரன். அவன் பாகலூருக்கு அந்தப் பக்கம், கர்நாடக எல்லையை ஒட்டிய ஊர். வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், எழுதுவது தமிழ், திட்டுவது மூன்றிலும். அவன் அண்ணன் பசுமைக்குடிலில் ரோஜா வளர்த்தார். சில நாள் முனிராஜின் சட்டைப்பையில் மைக்ரோமீட்டரோடு ஒரு மொட்டும் இருக்கும்.

ஒரு சிறிய பட்டறையிலிருந்து டெம்போவில் எங்களுக்குக் கடைந்த இரும்புப் பின்கள் வரும். ஒன்றோடு ஒன்று உரசாமல் இருக்கப் பழைய காகிதத்தில் சுற்றி அடுக்கியிருப்பார்கள். அந்தக் காகிதத்தில்தான் செம்பனை முதலில் பார்த்தோம். வெளிநாட்டுக் கழிவுக்காகிதக் கட்டில் வந்தவன், எண்ணெய்க் கறையோடு, பாதிப் பக்கமாக, ஒரு கூரையிலிருந்து இன்னொரு கூரைக்குத் தாவிக்கொண்டிருந்தான். எங்கே போய் விழுந்தான் என்று தெரியாமல் அன்று எனக்கு வேலையே ஓடவில்லை.

மறுவாரம் முனிராஜ் டெம்போ ஓட்டுநரைப் பிடித்துக்கொண்டான்.

"ஏம்பா, இந்தப் பேப்பர எங்கருந்து வாங்கறீங்க?"

"பாகலூர் ரோட்டு கோடவுன்ல சார். கட்டு கட்டா கெடக்குது."

"கிழிச்சு சுத்தாதீங்க. முழுசா வெச்சு அனுப்புங்க."

"சார், உங்களுக்குப் பின்னு வேணுமா, பேப்பரு வேணுமா?"

"பின்னு ரிஜெக்ட் ஆவாம இருக்கணுமா வேணாமா?"

அதன் பிறகு இதழ்கள் முழுதாக வந்தன. அட்டை மட்டும் இருக்காது. வழவழப்பான அட்டை சுற்றுவதற்கு ஆகாது என்று கோடவுனிலேயே கிழித்துத் தனியாகப் போட்டுவிடுவார்கள்.

படித்ததும் மதிப்புரை எழுதுவோம். ஷிஃப்ட் பதிவேட்டின் கடைசிப் பக்கங்களில், பாகங்களுக்கு எழுதும் அதே முறையில்: தேதி, ஷிஃப்ட், குறை, முடிவு. முடிவு மூன்றில் ஒன்றுதான். ஏற்பு, ரீஒர்க், ரிஜெக்ட். ஒருமுறை தணிக்கைக்கு வந்த அதிகாரி பதிவேட்டைப் புரட்டிக்கொண்டே போய், "செம்பன் பதினேழு, வில்லன் பலவீனம், ரீஒர்க்" என்று உரக்கப் படித்தார். இது எந்தப் பாகம் என்று கேட்டார். "டெவலப்மென்ட்ல இருக்குது சார்" என்றான் முனிராஜ், முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல்.

3

இதழின் எண்ணும் மாதமும் அட்டையிலும் அதன் உள்பக்கத்திலும்தான் அச்சாகியிருக்கும். அட்டை போனால் இரண்டும் போயிற்று. ஆகவே எது முன், எது பின் என்பதை நாங்களே கண்டுபிடிக்கவேண்டியிருந்தது. மூன்று ஆண்டுகளில் அறுபத்து நான்கு இதழ்கள் சேர்ந்தன. அவற்றில் நாற்பத்திரண்டில் செம்பனின் முகமூடி முழுசாக இருந்தது. மீதி இருபத்திரண்டில் இடது கண்ணுக்குக் கீழே ஒரு விரிசல்.

முனிராஜ் அரை நிமிடத்தில் முடிவு சொன்னான்.

"விரிசல் இல்லாதது முன்னாடி. விரிசல் உள்ளது பின்னாடி. கட்டிங் டூல் தேயும் மச்சா. தேஞ்ச டூல் தானா முளைக்குமா? தேய்மானம் பின்னால போவாது."

இதைவிட உறுதியான விதி எனக்கும் தெரியாது. அந்த விதியில் தொங்கவிட்டு மற்றதையெல்லாம் அடுக்கினோம். சில இடங்கள் இடித்தன. செம்பனின் தம்பி எல்லிஸ் நாற்பத்திரண்டாவது இதழில் கல்லூரி முடிக்கிறான். நாற்பத்து மூன்றில் அரைக்கால் சட்டையோடு நிற்கிறான். "ஓவியர் மாறிட்டாரு" என்று முனிராஜ் குறித்தான். நாற்பத்து மூன்றில் அண்ணனும் தம்பியும் முதன்முறை பார்ப்பதுபோலப் பேசிக்கொள்கிறார்கள். அதற்காக இடையில் எங்களுக்குக் கிடைக்காத மூன்று இதழ்கள் இருப்பதாக முடிவு செய்து, அவற்றில் செம்பனுக்கு நினைவு தப்பியிருக்கும் என்றும் பட்டியலில் எழுதிவைத்தோம்.

அறுபத்து நான்காவது, அணை உடையும் இதழ். எல்லிஸ் அதில் செத்துப்போகிறான். கடைசிப் பக்கத்தில் வசனம் கிடையாது. செம்பன் உடைந்த மதகின்மேல் உட்கார்ந்து முகமூடியைக் கழற்றி, விரிசலுக்குள் விரலை விட்டுப் பார்க்கிறான். அவ்வளவுதான். எங்கள் வரிசையில் அது ஒரு முழு வாழ்க்கையின் முடிவு. ஜெர்மனியில் என் முதல் குளிர்காலத்தில், மனைவி செல்வியும் குழந்தையும் வருவதற்கு முன்னால், கையோடு கொண்டுவந்திருந்த அந்தப் பக்கத்தை எத்தனை முறை பார்த்தேன் என்பதற்கு மட்டும் என்னிடம் கணக்கு இல்லை.

இணையத்தில் ஏன் தேடவில்லை என்று இளைய வாசகர்கள் கேட்கலாம். முனிராஜ் அதைத் தொடக்கத்திலேயே தடை செய்திருந்தான். "நெட்ல பாத்து எழுதுனா அது இன்ஸ்பெக்‌ஷன் இல்ல, காப்பி" என்றான். நானும் ஒத்துக்கொண்டேன். வெளிநாடு வந்த பிறகும் அந்த வாக்கைக் காப்பாற்றினேன். புதிதாக வருபவற்றை மட்டும் வாங்குவேன்; செம்பன் தொடர் அதற்குள் நின்றுபோயிருந்தது. பழைய பெட்டிகள் பக்கம் போகமாட்டேன்.

4

அந்தப் புதன்கிழமை போனேன். மறுதொடக்கத்தை ஒட்டிக் கடைக்காரர் பழைய செம்பன் இதழ்களைப் பெட்டிகளிலிருந்து எடுத்து மேசைமேல் பரப்பியிருந்தார். பார்க்காமல் கடக்க இடமில்லை. பிளாஸ்டிக் உறைக்குள் உடைந்த அணை. நடுவில் செம்பன், கையில் எல்லிஸ். அந்தக் கதைக்கு ஓர் அட்டை இருந்திருக்கிறது என்பதே அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை ஆண்டு பழகிய ஒருவரை முதல்முறை நேருக்கு நேர் பார்ப்பதுபோல நின்றேன். பிறகு கண் தானாக மேல் மூலைக்குப் போனது. எண் இருபத்திரண்டு.

மேசையில் எல்லிஸ் பட்டம் வாங்கும் இதழும் இருந்தது. அதன் மேல்மூலையில் நாற்பத்திரண்டு. ஆனால் மாதத்தையும் ஆண்டையும் பார்த்தால், அணை உடைந்து நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு.

கடைக்காரர் விளக்கினார். செம்பன் முதன்முதலில் வந்ததே விரிசலோடுதான். அது அவன் அடையாளம். இருபத்திரண்டோடு அந்தத் தொடரை நிறுத்திவிட்டு, பதிப்பகம் ஒன்றிலிருந்து மறுபடி தொடங்கியது. புது முகமூடி. எல்லிஸ் உயிரோடு. ஏன் என்று ஒரு வரியும் இல்லை. அதாவது இப்போது நடப்பது இரண்டாவது மறுதொடக்கம். முதலாவது, எங்கள் கையில் பின்களைச் சுற்றிக்கொண்டு வந்தபோதே நடந்து முடிந்திருந்தது.

எங்கள் பட்டியல் தலைகீழ். நாங்கள் முடிவு என்று நினைத்தது பாதியில் வருகிறது. அதற்குப் பிறகு எல்லிஸ் நாற்பத்திரண்டு இதழ்கள் சிரித்துக்கொண்டிருக்கிறான்.

5

ஊரில் முனிராஜ் அப்போது என் வேலையாக அலைந்துகொண்டிருந்தான். இங்கே குடியுரிமைக்கு விண்ணப்பித்திருக்கிறேன். என் பிறப்புச் சான்றிதழில் பெயர் இல்லை; பெற்றோர் பெயர், ஊர், தேதி, 'ஆண்', அதற்குமேல் ஒன்றுமில்லை. எனக்குப் பெயர் வைப்பதற்கு முன்பே அப்பா பதிவு செய்துவிட்டார். நம் ஊரில் இது சாதாரணம். இங்குள்ள அலுவலரால் நம்பமுடியவில்லை. "இந்தத் தாளின்படி பிறந்தது நீங்கள்தான் என்று எனக்கு எப்படித் தெரியும்?" என்று அமைதியாகக் கேட்டார். அவர் என்னை என் அப்பா பெயரால்தான் அழைக்கிறார், பாஸ்போர்ட்டில் அது கடைசியில் இருப்பதால். ஆரம்பத்தில் திருத்தினேன். இப்போது அந்தப் பெயருக்கே திரும்பிப் பார்க்கிறேன்.

கடையிலிருந்து வந்த மறுநாள் முனிராஜ், சாமல்பட்டிக்கான வட்ட அலுவலகம் இருக்கும் ஊத்தங்கரையிலிருந்து கூப்பிட்டான். பாகலூரிலிருந்து ஓசூர், கிருஷ்ணகிரி என்று மூன்று பஸ் மாறிப் போயிருக்கிறான்.

"லைன்ல நிக்கறன் மச்சா. எனக்கு முன்னாடி பதினோரு பேரு. எல்லாம் பேரில்லாத பசங்க."

"சிரமம் குடுக்கறன்டா."

"அது கெடக்குது. நீ அந்த ஊர்க்காரன் ஆவறதுக்கு நான் இங்க நிக்கறன் பாரு, அதச் சொல்லணும். முன்னுரை எங்க?"

"எழுதிட்டிருக்கன்."

"அஞ்செட்டி டீச்சர் ஒரு பிரதிக்கு இப்பவே சொல்லிட்டாங்க. அறுபத்து மூணு வரைக்கும் படிச்சிட்டு நிறுத்திருவாங்களாம். அறுபத்து நாலு தாங்காதாம்."

அந்த ஆசிரியைக்கு 'பத்து நிமிடம்' மாலைப் பஸ்ஸில் நடத்துநர் கையில் போகிறது. அவர் நிறுத்தவேண்டிய இடம் அறுபத்து மூன்று அல்ல என்று நான் அப்போதே சொல்லியிருக்கலாம். "வரிசை நகருது, வெக்கறன்" என்று முனிராஜ் வைத்துவிட்டான். எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதி எனக்குப் பிடிக்கவில்லை.

அடுத்த பத்து நாள் நான் சரியாக இல்லை. வேலையில் ஒரே அளவை இரண்டு முறை எடுத்தேன். சாப்பிடும்போது எழுந்துபோய், இதழ்கள் இருக்கும் அலமாரியைத் திறந்து மூடினேன். "உங்க செம்பனுக்கு ஒடம்பு சரியில்லயா?" என்று செல்வி கேட்டாள்.

6

மகள் யாழினிக்குப் பதினான்கு வயது. இரண்டு வயதில் இங்கே வந்தவள். நான் தமிழில் கேட்பேன், அவள் ஜெர்மனில் பதில் சொல்வாள்; எங்கள் வீட்டில் அது சண்டையாக இருந்து, பிறகு ஏற்பாடாகிவிட்டது. புதிய முதல் இதழை அவள் இருபது நிமிடத்தில் படித்து முடித்தாள்.

"நல்லா இருக்கு" என்றாள், தமிழில், எனக்காக.

"பழசு ஒண்ணும் தெரியாமலேவா?"

"எல்லிஸ் இருக்கான், டீ போடறான், அண்ணன்கூட சண்டை போடறான். வேற என்ன தெரியணும்?"

அணை இதழைக் கொடுத்தேன். கடைசிப் பக்கத்தில் கொஞ்சம் நின்றாள். அது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பிறகு பட்டியலைப் பற்றிச் சொன்னேன். அவள் கைபேசியில் எதையோ தட்டி என் பக்கம் திருப்பினாள். இதழ், எண், மாதம், ஆண்டு, அட்டைப்படம், எல்லாம் வரிசையாக இருந்தன. அரை நிமிடம்கூட ஆகவில்லை.

"இதோ இருக்கேப்பா. இதுக்கா இத்தனை வருஷம்?"

பிறகு ஜெர்மனில், கேலியாக இல்லாமல், உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்டாள்: "முனி மாமா புத்தகத்தை வாங்குபவர்களிடம் கைபேசி இல்லையா?"

ஓசூரில் யாரிடம் கைபேசி இல்லை? பொங்கலன்று புத்தகத்தை வாங்கும் முதல் பையன் முனிராஜின் முகத்துக்கு நேராக இதே திரையைத் திருப்புவான். அதை என்னால் அனுமதிக்க முடியாது. அன்று சனிக்கிழமை. மறுநாள் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன்.

7

சொன்னேன். அணை இதழின் அட்டையைப் படமெடுத்து, யாழினி காட்டிய வரிசையோடு அனுப்பிவிட்டுக் கூப்பிட்டேன். முனிராஜின் பக்கத்தில் அத்திப்பள்ளி நெரிசலின் ஹாரன் சத்தம்.

"தேய்மானம் பின்னால போவாது மச்சா."

"தேயல. முகமூடியவே மாத்திட்டாங்க."

"யாரு?"

"பதிப்பகம்."

"டூல் மாத்துனா தெரிவிக்கணும்ல? ஒரு நோட்டு போடணும்ல? போட்டாங்களா?"

"போடல."

"அப்பறம் அது எப்படி நம்ம தப்பு?"

"தப்புன்னு சொல்லல. வரிசை மாறுது. புக்கு போடறதுக்கு முன்னாடி..."

"நீ எப்ப பாத்த?"

தேதி தெரிந்தவனுக்குப் பொய் சொல்ல வராது. "அன்னிக்கு, புதன்கிழமை. நீ ஊத்தங்கரை போறதுக்கு முதல் நாள்."

"லைன்ல நிக்கும்போது பேசனமே."

"ஆமாம்."

"சரி. நீ அங்க போயி அட்டையோட படிக்கற. நாங்க இங்க அட்ட இல்லாமத்தான் படிச்சம். எனக்கு வேல இருக்குது."

ஐந்து வாரத்துக்குமேல் பேச்சில்லை. இத்தனை ஆண்டில் அவ்வளவு நீளமான இடைவெளி எங்களுக்குள் விழுந்ததில்லை. நான் முதன்முதலில் இங்கே வந்தபோதுகூட ஐந்தாம் நாள் பேசிவிட்டோம். 'பத்து நிமிடம்' நவம்பர் இதழ் வரவில்லை. மூன்றாவது வாரம் கூரியரில் ஓர் உறை வந்தது. உள்ளே என் பிறப்புச் சான்றிதழ், பெயரோடு. துண்டுக் காகிதம்கூட வேறு இல்லை. ஓர் எழுத்தும் பிசகாமல் என் பெயர் இருந்தது. அவன் அங்கேயே நின்று சரிபார்த்திருப்பான். அதைப் பார்த்துக்கொண்டு சமையலறையில் நின்றேன்.

8

நேற்று கைபேசிக்கு ஒரு படிவம் வந்தது.

தொழிற்சாலைக்கு வெளியே இருப்பவர்களுக்கு டெவியேஷன் படிவம் என்றால் என்னவென்று தெரியாது. ஒரு பாகம் வரைபடப்படி அமையவில்லை, ஆனால் வேலை செய்யும் என்றால், உடைத்துப் போடமாட்டார்கள். எங்கே எவ்வளவு விலகியிருக்கிறது என்று ஒளிக்காமல் எழுதி, வாடிக்கையாளரிடம் கையெழுத்து வாங்கி, ஒரு காலத்துக்கு மட்டும் அனுமதிப்பார்கள். முனிராஜ் இப்போது ஒரு சிறு பட்டறையில் தரப்பிரிவுத் தலைவன். பட்டறைப் படிவத்தில் தன் கையெழுத்திலேயே நிரப்பியிருந்தான்.

பாகம்: செம்பன் பட்டியல், அறுபத்து நான்கு இதழ். வரைபடப்படி: விரிசல் உள்ளவை முன், இல்லாதவை பின். உள்ளபடி: இல்லாதவை முன், உள்ளவை பின். காரணம்: தயாரிப்பாளர் முகமூடியை மாற்றியதைத் தெரிவிக்கவில்லை, ஆய்வாளர் இருவரும் அட்டை இல்லாமல் ஆய்வு செய்தனர். நடவடிக்கை: சரியான வரிசை முதல் பக்கத்தில் அச்சிடப்படும், நாம் படித்த வரிசை அப்படியே தொடரும், கிடைக்காத மூன்று இதழ்கள் நீக்கப்படும். முடிவு: விலகலுடன் ஏற்பு.

செல்லுபடிக் காலம் என்ற கட்டத்தில் எழுதியிருந்தான்: வாடிக்கையாளர் நேரில் வரும் வரை.

அதன் கீழே வாடிக்கையாளர் கையெழுத்து, தேதி. இரண்டும் காலி.

கூப்பிட்டேன். எடுத்தான்.

"கையெழுத்து போட்டு அனுப்பு. அச்சகத்துக்காரன் நச்சரிக்கறான்."

"நானும்தான்டா ஆய்வாளர். நான் எப்படிக் கஸ்டமர் ஆவன்?"

"பின்ன? பொருள வாங்கிட்டு தூரமா போனவன் கஸ்டமர்தான?"

"சர்டிபிகேட் வந்துச்சு" என்றேன்.

"பேரு சரியா இருக்குதா?"

"இருக்குது."

"இருக்கும். ரெண்டு தடவ திருப்பிக் குடுத்தன்." பிறகு குரலை மாற்றாமல், "புது செம்பன் எப்படி? மதிப்புரையாவது எழுது" என்றான்.

ஆகவே எழுதுகிறேன். புதிய முதல் இதழ்: ஓவியம் சுத்தம். வசனம் அளவு. எல்லிஸ் நன்றாகச் சிரிக்கிறான். செம்பன் கண்ணாடி முன் நின்று புத்தம்புது முகமூடியை மாட்டும் பக்கத்தில், விரல் ஒரு கணம் இடது கண்ணுக்குக் கீழே போய்த் தடவிவிட்டுத் திரும்புகிறது. அங்கே ஒன்றும் இல்லை. ஓவியர் வேண்டுமென்றே செய்தாரா, கைதவறி விழுந்த கோடா என்று தெரியவில்லை. யாழினி அதைக் கவனிக்கவில்லை. அந்த ஒரு கட்டத்துக்காக முடிவு: ஏற்பு.

படிவத்தை அச்செடுத்து இன்று காலை கையெழுத்திட்டேன். தேதிக் கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது. குடியுரிமை அலுவலகத்தில் எனக்குப் பிப்ரவரியில் நேரம் கொடுத்திருக்கிறார்கள். அன்று பழைய பாஸ்போர்ட் முடிவுக்கு வரும். பிறகு சாமல்பட்டிக்கு நான் விசா வாங்கிக்கொண்டு போகவேண்டும். எப்போது முடியும் என்று சொல்லமுடியாத ஒரு காலத்துக்குத் தொடங்கும் நாளை மட்டும் எழுத எனக்குக் கை வரவில்லை. என் வாழ்க்கையில் தேதி போடாமல் கையெழுத்திட்ட முதல் தாள் இது. அப்படியே படமெடுத்து அனுப்பிவிட்டேன்.

தேதி இல்லாத தாளை முனிராஜ் ஒருநாளும் வாங்கிக்கொண்டதில்லை. உடனே திட்டுவான். இங்கே மணி காலை ஒன்பதரை. அங்கே இரண்டு, ஷிஃப்ட் மாறும் நேரம். கைபேசியை மேசைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பத்து நிமிடம் பார்ப்பேன்.